மந்திரத்தின் விலை: இளையோருக்கான ஐந்து மிகுபுனைவு நாவல்கள்

இளையோர் மிகுபுனைவு நாவல் என்பது ஏறத்தாழ 12 முதல் 18 வயது வரையிலான வாசகர்களை மனத்திற்கொண்டு எழுதப்படும் நாவல் வகையாகும். மந்திரம், மாய உயிரினங்கள், கற்பனை நாடுகள் முதலியன இவ்வகையில் கதையின் அடித்தளமாக அமைகின்றன. ஃபேன்டசி எனப் பரவலாக அறியப்படும் இவ்வகையைக் கனவுருப்புனைவு என்றும் தமிழில் வழங்குவர். ஜே. கே. ரோலிங்கின் ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நூல் 1997-இல் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்ற பிறகு, இவ்வகை நூல்கள் ஆங்கிலத்தில் ஆண்டுதோறும் ஏராளமாக வெளியாகின்றன. நூலகத்திலோ புத்தகக் கடையிலோ இவற்றின் முன்னால் நிற்கும் மாணவருக்கு எதை எடுப்பது, எதை விடுவது என்பது எளிய கேள்வியாக இல்லை. அட்டைகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன. பின்னட்டைக் குறிப்புகளும் ஒன்றுபோலவே பேசுகின்றன.

வெவ்வேறு நாட்டுப் பின்னணி கொண்ட ஐந்து நாவல்கள் இக்கட்டுரையில் பரிந்துரைக்கப்படுகின்றன. ஐந்தும் ஒரே கேள்வியைக் கொண்டு மதிப்பிடப்படுகின்றன. இந்தக் கதையில் மந்திரத்திற்கு என்ன விலை, அதை யார் கொடுக்கிறார்கள் என்பதே அக்கேள்வி.

அளவுகோல்

மந்திரக் கதைகளைப் பற்றிப் பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. உழைப்பில்லாமல் எல்லாம் கிடைத்துவிடும் என்ற எண்ணத்தை இவை பிள்ளைகளின் மனத்தில் விதைக்கின்றன என்பதே அது. மோசமான மிகுபுனைவு நாவல்களைப் பொறுத்தவரை இக்குறை முற்றிலும் நியாயமானது. அவற்றில் நாயகன் பிறக்கும்போதே தேர்ந்தெடுக்கப்பட்டவனாக இருக்கிறான். ஆபத்து வரும்போது அவனுக்குள் உறங்கிக்கிடந்த சக்தி விழித்துக்கொள்கிறது. எதிரி வீழ்கிறான். நாயகன் எதையும் இழப்பதில்லை, எதற்கும் பொறுப்பேற்பதுமில்லை.

விலை என்று எதைச் சொல்கிறோம் என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கிறிஸ்டோபர் பவோலினியின் எராகன் இதற்கு நல்ல சான்று. பவோலினி 15 வயதில் எழுதத் தொடங்கிய இந்நாவலை அவரது குடும்பத்தினர் 2002-இல் சொந்தமாக வெளியிட்டனர். 2003-இல் பெரிய பதிப்பகம் ஒன்றின் வழியாக அது உலகெங்கும் சென்றது. இந்நாவலில் மந்திரத்திற்கு ஒரு விலை இருக்கிறது. ஒரு செயலைக் கையால் செய்வதற்கு எவ்வளவு உடல்வலிமை வேண்டுமோ, அதே வலிமையை மந்திரமும் எடுத்துக்கொள்ளும். அளவு மீறினால் மந்திரம் சொன்னவரே இறந்துபோவார். இது அழகான விதி. ஆனாலும் இது கணக்கு மட்டுமே. களைப்பு ஓர் இரவு உறங்கினால் தீர்ந்துவிடும். மனச்சான்றை அது தொடுவதில்லை.

அதே நாவலில் வேறொரு சிறு நிகழ்ச்சி வருகிறது. எராகன் ஒரு கைக்குழந்தையை ஆசீர்வதிக்கிறான். பழைய மொழியில் அவனுக்குப் போதிய தேர்ச்சி இல்லாததால், தீமையிலிருந்து காக்கப்படுக என்று வாழ்த்த நினைத்தவன், தீமையிலிருந்து மற்றவரைக் காக்கும் கேடயமாக இரு என்ற பொருளில் சொல்லிவிடுகிறான். அடுத்த நூலான எல்டெஸ்டில் (2005) அக்குழந்தை தன்னைச் சுற்றியிருப்போர் அனைவரின் வலியையும் உணரும்படி சபிக்கப்பட்டவளாக வந்து நிற்கிறாள். நல்லெண்ணத்தோடு செய்த ஒரு பிழைக்கு வேறொருவர் வாழ்நாளெல்லாம் துன்புறுகிறார். இந்த இடத்தில்தான் அந்த வரிசை உண்மையிலேயே கனமாகிறது. விலை என்று இக்கட்டுரை குறிப்பிடுவது இத்தகைய விலையைத்தான்.

1. எ விசார்ட் ஆஃப் எர்த்சீ

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின் (1929–2018) எழுதிய இந்நாவல் 1968-இல் வெளிவந்தது. மந்திரவாதிகளுக்கான பள்ளி என்ற கருத்தை முழுமையான வடிவில் கையாண்ட முன்னோடி நூல்களுள் இது ஒன்று. எர்த்சீ என்பது நூற்றுக்கணக்கான தீவுகள் கொண்ட கற்பனை உலகம். அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் உயிருக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அப்பெயரை அறிந்தவரே அதன்மீது அதிகாரம் பெறுகிறார்.

கான்ட் தீவில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்த தாயில்லாப் பிள்ளை கெட். கிராமத்தைத் தாக்க வரும் படையினரிடமிருந்து மூடுபனியை வரவழைத்து ஊரைக் காப்பாற்றுகிறான். அதிகம் பேசாத ஆகியன் என்னும் குருவிடம் சேர்கிறான். அவரது பொறுமை பிடிக்காமல் ரோக் தீவிலுள்ள பள்ளிக்குச் செல்கிறான். அங்கே ஜாஸ்பர் என்ற மூத்த மாணவனின் ஏளனம் அவனைக் குத்துகிறது. தன் திறமையைக் காட்டிவிட வேண்டும் என்ற வெறியில், இறந்துபோன ஒரு பேரழகியின் ஆவியை அழைக்கிறான். ஆவியோடு சேர்ந்து உருவமற்ற நிழல் ஒன்றும் உலகிற்குள் நுழைந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. திறந்துவிட்ட வாசலை அடைக்கும் முயற்சியில் பள்ளியின் தலைவரான முதிய மந்திரவாதி உயிரிழக்கிறார்.

இந்த மரணம்தான் நாவலின் அச்சாணி. ஒரு மாணவனின் வீம்பிற்காக ஒரு பெரியவர் இறக்கிறார். அதை யாராலும் மாற்ற முடியாது. லெ குவின் இதற்குச் சமாதானம் எதுவும் சொல்வதில்லை. கெட் மாதக்கணக்கில் நோயுற்றுக் கிடக்கிறான். எழுந்தபின் அவனிடம் முன்பிருந்த துள்ளல் இல்லை. பிறகு அவன் தீவு தீவாக ஓடுகிறான், நிழல் துரத்துகிறது. ஒரு கட்டத்தில் பழைய குருவின் அறிவுரைப்படி திரும்பி நின்று தானே நிழலைத் துரத்தத் தொடங்குகிறான். கடலின் எல்லையில் இருவரும் சந்திக்கும்போது கெட் அதற்குச் சூட்டும் பெயர் வாசகருக்கு அதிர்ச்சியையும் நிம்மதியையும் ஒருசேரத் தருகிறது. போரில் வெல்வதைவிடத் தன் தவற்றைத் தன்னுடையது என ஒப்புக்கொள்வது கடினம் என்பதை வளரிளம் பருவத்தினருக்கு இதைவிடத் தெளிவாகச் சொன்ன நாவல் அரிது.

கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவன் நண்பன் வெட்ச் கறுப்பு நிறத்தவன். வெள்ளை நிறத்தவர்கள் இக்கதையில் தாக்க வரும் அயலார். 1968-இல் இது துணிச்சலான முடிவு. ஆனால் பல பதிப்புகளின் அட்டையில் கெட் வெள்ளையனாகவே வரையப்பட்டான். 2004-இல் வந்த தொலைக்காட்சித் தொடரும் அவ்வாறே செய்தது. லெ குவின் அதை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார்.

இந்நாவலின் பெரிய குறை பெண்களைப் பற்றியது. பெண்களின் மந்திரம் வலுவற்றது, தீயது என்ற கருத்து அதில் கேள்வியின்றி இடம்பெறுகிறது. ரோக் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. இக்குறையை ஆசிரியரே பின்னாளில் உணர்ந்தார். த டூம்ஸ் ஆஃப் அட்டுவான் (1971) நாவலில் ஒரு சிறுமியை நாயகியாக்கினார். டெஹானு (1990) நாவலில் தான் படைத்த உலகின் ஆண்மையப் பார்வையையே கேள்விக்குள்ளாக்கினார். ஓர் எழுத்தாளர் தம் பிழையைத் தம் படைப்பிலேயே திருத்திக்கொள்வதைக் காண விரும்பும் மாணவர்கள் இம்மூன்றையும் வரிசையாகப் படிக்கலாம்.

2. மோரிபிட்டோ: கார்டியன் ஆஃப் த ஸ்பிரிட்

ஜப்பானிய எழுத்தாளர் நஹோகோ உவேஹாஷியின் இந்நாவல் 1996-இல் ஜப்பானிய மொழியில் வெளிவந்தது. கேத்தி ஹிரானோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2008-இல் வெளியாகி, மறு ஆண்டு அமெரிக்காவில் மொழிபெயர்ப்புச் சிறார் நூல்களுக்கு வழங்கப்படும் பேச்செல்டர் விருதைப் பெற்றது. உவேஹாஷிக்கு 2014-இல் ஹான்ஸ் கிறிஸ்தியன் ஆண்டர்சன் விருது வழங்கப்பட்டது. மானிடவியல் அறிஞரான அவர் ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடையே களஆய்வு செய்தவர். அந்த அனுபவம் இந்நாவலில் ஆழமாகப் பதிந்துள்ளது.

இளையோர் நாவலுக்கு வழக்கமில்லாத நாயகி இதில் வருகிறார். பால்சா 30 வயதுப் பெண். ஈட்டி வீரர், கூலிக்கு மெய்க்காவல் செய்பவர். ஆற்றில் விழுந்த இளவரசன் சக்குமைக் காப்பாற்றப்போய், அவனை அரண்மனையிலிருந்து கூட்டிச்செல்லும் பொறுப்பு அவர் தலையில் விழுகிறது. சிறுவனின் உடலுக்குள் நீர்த்தெய்வம் ஒன்றின் முட்டை இருக்கிறது. அரச குலத்தின் முன்னோர் நீர்ப்பேயை வென்று நாட்டை நிறுவினார் என்பது அந்நாட்டின் அதிகாரப்பூர்வ வரலாறு. அதே பேய் இளவரசனைப் பற்றிக்கொண்டது என்று தெரிந்தால் குலத்தின் பெருமை அழியும். ஆகவே தந்தையே மகனைக் கொல்ல ஆளனுப்புகிறார்.

முட்டையின் உண்மை அந்த மண்ணின் பழங்குடியினரான யாக்கு மக்களின் பழங்கதைகளில் இருந்தது. அவர்கள் ஒதுக்கப்பட்டதால் கதைகளும் சிதைந்துபோயின. முட்டை பொரியாவிட்டால் நாட்டில் வறட்சி வரும். முட்டையைக் காக்கும் வழி ஏறத்தாழ மறக்கப்பட்டுவிட்டது. வென்றவர்கள் எழுதிய வரலாற்றிற்கு ஒரு சிறுவன் தன் உயிரால் விலை கொடுக்க நேர்கிறது. சக்கும் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஏன் என்னைப் பிடித்தது என்ற அவனது கோபத்தை ஆசிரியர் அடக்கி வாசிக்கவில்லை.

பால்சாவின் கடன் வேறு வகையானது. அவரைக் காக்கும்பொருட்டு வளர்ப்புத் தந்தை ஜிகுரோ தம் நண்பர்கள் எட்டுப் பேரைக் கொல்ல வேண்டியிருந்தது. அதற்கு ஈடாக எட்டு உயிர்களைக் காப்பது என்று பால்சா உறுதி பூண்டிருக்கிறார். உயிர்களை இப்படி எண்ணிக் கழித்துவிட முடியுமா என்ற கேள்வி நாவல் நெடுகிலும் அவரைத் துளைக்கிறது. சக்குமை வளர்க்கத் தொடங்கிய பிறகுதான் ஜிகுரோ தம்மை எந்த மனநிலையில் வளர்த்தார் என்பது அவருக்குப் புரிகிறது. பெற்றோர் தமக்காகச் செய்தவற்றைக் கடனாகவும் சுமையாகவும் எண்ணி மருகும் இளையோர் மனத்தில் இப்பகுதி நெடுநாள் தங்கும்.

நாட்டின் அமைப்பையும் தொன்மங்களையும் விளக்கும் பகுதிகள் சில இடங்களில் பாடம் போல நீள்வது இந்நாவலின் குறை. ஆங்கிலத்தில் வரிசையின் முதல் இரண்டு நூல்களே நூல்வடிவில் எளிதில் அறியப்பட்டவை. எனினும் முதல் நூல் தன்னளவில் முழுமை பெற்றது.

3. அகாட்டா விட்ச்

நைஜீரிய அமெரிக்கரான நெடி ஒகோராஃபோர் எழுதிய இந்நாவல் 2011-இல் வெளிவந்தது. நாயகி சன்னிக்கு 12 வயது. நியூயார்க்கில் பிறந்து, பின்னர் பெற்றோருடன் நைஜீரியாவுக்கு வந்தவள். வெண்தோல் நோய் எனப் பேச்சுவழக்கில் தவறாகச் சொல்லப்படும் நிறமியின்மையோடு பிறந்தவள். வெயிலில் நிற்க முடியாது. ஆகவே உயிராக விரும்பும் கால்பந்தை இருட்டியபின்தான் ஆட முடியும். அமெரிக்காவிலிருந்து வந்தவள் என்பதற்காகவும் வகுப்பில் ஏச்சுக் கேட்கிறாள். தலைப்பிலுள்ள அகாட்டா என்பதே அமெரிக்கக் கறுப்பினத்தவரை இழித்துரைக்கும் சொல்.

ஓர்லு, சிச்சி, சாஷா என்னும் நண்பர்கள் வழியாகத் தான் சிறுத்தை மக்கள் எனப்படும் மந்திர இனத்தைச் சேர்ந்தவள் என்பதைச் சன்னி அறிகிறாள். இங்கே மந்திரத்தின் கணக்கு புதுமையானது. ஒருவர் உண்மையிலேயே ஒன்றைக் கற்றுக்கொண்ட நொடியில் சிட்டிம் என்னும் உலோகக் காசுகள் வானிலிருந்து விழுகின்றன. சிறுத்தை மக்களின் செல்வம் அதுவே. மனப்பாடம் செய்து ஒப்பித்தால் காசு விழாது. தேர்வு மதிப்பெண்ணையே கல்வியின் அளவாகக் காணும் சூழலில் வளரும் மாணவர் இந்த ஒரு கற்பனைக்காகவே இந்நாவலைப் படிக்கலாம்.

மற்றொரு கற்பனை இன்னும் கூர்மையானது. வெளியுலகம் குறை என்று கருதுவதே இங்கே ஒருவரது ஆற்றலின் வேராக இருக்கிறது. எழுத்துகள் குழம்பித் தெரியும் டிஸ்லெக்சியா உள்ள ஓர்லுவுக்கு மந்திரக் கட்டுகளை அவிழ்க்கும் திறன் இருக்கிறது. சன்னியின் நிறமின்மை அவளைக் கண்ணுக்குத் தெரியாதவளாக மாற உதவுகிறது. குறையை மறைத்து ஆறுதல் சொல்லும் போக்கு இதில் இல்லை. குறையும் இருக்கிறது, ஆற்றலும் இருக்கிறது.

ஆனால் இவ்வுலகம் இனிப்பானதன்று. குழந்தைகளைக் கடத்திக் கொல்லும் ஒருவனை எதிர்க்க நான்கு பிள்ளைகளையும் பெரியவர்களே அனுப்புகின்றனர். உலகம் உங்களைவிடப் பெரியது, நீங்கள் இறந்தாலும் அது நடக்கும் என்ற தொனியிலேயே பேசுகின்றனர். சன்னிக்குத் தன் புதிய வாழ்க்கையைப் பற்றிப் பெற்றோரிடம் வாய்திறக்க முடியாது. வீட்டிற்குள்ளேயே அந்நியமாவது அவள் கொடுக்கும் விலை. மகள் இரவில் எங்கே போகிறாள் என்று தெரியாமல் தவிக்கும் பெற்றோரின் பக்கத்தையும் ஆசிரியர் மறப்பதில்லை.

முதல் முக்கால் பங்கில் காட்டிய நிதானம் முடிவில் இல்லை. எதிரியுடனான மோதல் சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. எதிரி யார், எதற்காக இப்படி ஆனான் என்பது போதிய அளவு சொல்லப்படவில்லை. 2017-இல் வந்த அகாட்டா வாரியர் என்னும் தொடர்ச்சி இவ்வகையில் முதிர்ச்சி பெற்றது.

4. எ மான்ஸ்டர் கால்ஸ்

ஷிவான் டவுட் என்னும் எழுத்தாளர் 2007-இல் புற்றுநோயால் இறந்தபோது ஒரு நாவலுக்கான கருவை விட்டுச்சென்றார். அதை எடுத்துப் பேட்ரிக் நெஸ் எழுதிய நாவலே இது. 2011-இல் வெளிவந்தது. ஜிம் கே கறுப்பு வெள்ளையில் ஓவியங்கள் வரைந்தார். 2012-இல் எழுத்துக்கான கார்னகி பதக்கத்தையும் ஓவியத்திற்கான கிரீனவே பதக்கத்தையும் இந்நூல் ஒருசேரப் பெற்றது. ஒரே நூல் இரண்டையும் பெற்றது அதுவே முதல் முறை.

13 வயது கானரின் தாய் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறார். நள்ளிரவு கடந்து 12:07 மணிக்கு வீட்டின் பின்னாலுள்ள யூ மரம் அரக்க உருவெடுத்து அவன் சாளரத்திற்கு வருகிறது. மூன்று கதைகள் சொல்வேன், நான்காவது கதையை நீ சொல்ல வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும் என்கிறது. அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளைப் படித்த தலைமுறைக்கு இந்த அமைப்பு பழக்கமானதாகத் தோன்றும். வேதாளத்தின் கதைகளைப் போலவே இவையும் கேட்பவரின் நீதியுணர்வைச் சோதிக்கின்றன. வேதாளத்தின் கேள்விக்கு விக்கிரமாதித்தனிடம் சரியான விடை இருக்கும். இங்கே கானர் எதிர்பார்க்கும் நீதி ஒவ்வொரு முறையும் தலைகீழாகிறது.

அரக்கன் தாயைக் குணப்படுத்த வந்திருக்கிறான் என்று கானர் நம்புகிறான். யூ மரத்திலிருந்து எடுக்கப்பட்ட மருந்து தாய்க்குக் கொடுக்கப்படும்போது அந்த நம்பிக்கை உச்சத்தை அடைகிறது. புற்றுநோய் மருந்துகளில் ஒரு வகை உண்மையிலேயே யூ மரங்களிலிருந்து உருவானது என்பதால் வாசகரும் நம்பத் தொடங்குகிறார். மருந்து பலிக்கவில்லை. இந்நாவலில் மந்திரத்தால் மரணத்தைத் தடுக்க முடியாது. கானர் உள்ளுக்குள் ஒளித்துவைத்திருக்கும் உண்மையை வெளியே கொண்டுவருவது மட்டுமே அதனால் ஆகும். இது முடிந்துவிட்டால் போதும் என்று அவன் மனத்தின் ஒரு மூலை விரும்பியிருக்கிறது. அதற்காக அவன் தன்னையே வெறுக்கிறான்.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இந்நாவலில் உண்டு. கானர் பாட்டி வீட்டுப் பொருள்களை அடித்து நொறுக்குகிறான். பள்ளியில் ஒருவனைக் கடுமையாகத் தாக்குகிறான். இரண்டு முறையும் அவனுக்குத் தண்டனை கிடைப்பதில்லை. பாவம், தாய் நோயாளி என்று விட்டுவிடுகிறார்கள். கானருக்கோ அந்த இரக்கம் தாங்க முடியாததாக இருக்கிறது. தண்டித்தால் தன்னையும் மற்றவர்களைப்போல ஒரு மாணவனாக நடத்துகிறார்கள் என்று பொருள். தண்டிக்காதபோது அவன் யார் கண்ணிலும் படாதவனாகிறான். வீட்டில் துயரம் நிகழும் மாணவரிடம் எப்படிப் பேசுவது என்று தயங்கும் பெரியவர்கள் இப்பகுதியை இருமுறை படிக்கலாம்.

தந்தையும், பள்ளியில் வம்புக்கிழுக்கும் மாணவனும் கோட்டோவியமாகவே நின்றுவிடுவது சிறு குறை. அண்மையில் பெற்றோரை இழந்த மாணவரிடம் இந்நூலைத் தனியே கொடுத்துவிடாமல், பேசத் துணையாக ஒருவர் இருக்கும்போது கொடுப்பது நல்லது.

5. த லை ட்ரீ

ஃபிரான்சஸ் ஹார்டிங்கின் இந்நாவல் 2015-ஆம் ஆண்டிற்கான கோஸ்டா ஆண்டின் சிறந்த நூல் விருதைப் பெற்றது. பெரியவர்களுக்கான நூல்களையும் வென்று இவ்விருதைப் பெற்ற சிறார் நூல், 2001-இல் ஃபிலிப் புல்மனின் த ஆம்பர் ஸ்பைகிளாஸுக்குப் பிறகு இது ஒன்றே.

டார்வினின் கோட்பாடு இங்கிலாந்தை உலுக்கிக்கொண்டிருந்த 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. 14 வயது ஃபெயித் அறிவியலில் பேரார்வம் கொண்டவள். மதகுருவும் இயற்கை ஆய்வாளருமான தந்தையின் புதைபடிவக் கண்டுபிடிப்புகள் போலியானவை என்று செய்தி பரவ, குடும்பம் ஒரு சிறு தீவிற்குத் தப்பிச் செல்கிறது. அங்கே தந்தை மர்மமாக இறக்கிறார். அவர் ஒளித்துவைத்த செடி ஒன்று ஃபெயித்தின் கைக்கு வருகிறது. அதனிடம் ஒரு பொய்யைச் சொல்லி அப்பொய்யை ஊரில் பரப்பினால் அது கனி தரும். கனியைத் தின்றால் மறைந்துள்ள ஓர் உண்மை தெரியும். பொய் எவ்வளவு பரவுகிறதோ, எவ்வளவு பேர் நம்புகிறார்களோ, அவ்வளவு பெரிய உண்மை கிடைக்கும்.

தந்தையைக் கொன்றவர் யார் என்று அறிய ஃபெயித் பொய் சொல்லத் தொடங்குகிறாள். நோக்கம் நீதி, வழி பொய். பெண் என்பதற்காக யாரும் பொருட்படுத்தாத அவள், ஒரு கிசுகிசுப்பில் ஊரையே ஆட்டிவைக்க முடிகிறது. அந்த ருசியை ஆசிரியர் மறைக்கவில்லை. வாசகரும் அவளோடு சேர்ந்து மகிழ்கிறார். பிறகு அப்பொய்களால் ஏதுமறியாதவர்கள் அடிபடுகிறார்கள். அப்போது அந்த மகிழ்ச்சியில் தனக்கும் பங்கிருந்தது என்று வாசகருக்கு உறைக்கிறது.

ஒரு பொய்யைப் பரப்ப அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை, மக்கள் நம்ப விரும்புவதைத் தொட்டுவிட்டால் மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்பதை ஃபெயித் விரைவில் கண்டுகொள்கிறாள். கைப்பேசியில் வரும் செய்தியைச் சரிபார்க்காமல் பத்துப் பேருக்கு அனுப்பும் காலத்தில் இந்நாவலுக்கு விளக்கவுரை தேவையில்லை.

தாயைப் பற்றிய ஃபெயித்தின் எண்ணம் மாறுவது நாவலின் மற்றொரு சிறப்பு. ஆண்களிடம் குழைந்து பேசும் தாயை அவள் அற்பமானவள் என்றே கருதிவந்தாள். கணவரை இழந்து, சொத்தும் பறிபோகக்கூடிய நிலையில் இருக்கும் ஒரு பெண்ணிடம் எஞ்சியிருந்த ஒரே ஆயுதம் அதுதான் என்பது அவளுக்குத் தாமதமாகவே விளங்குகிறது. தொடக்கம் மெதுவாக நகர்வதும், இறுதிப் பகுதியில் மர்மத்தின் முடிச்சுகள் நெருக்கியடித்துக்கொண்டு அவிழ்வதும் குறைகள். மொழிநடையும் ஐந்து நூல்களில் இதுவே கடினமானது.

வாசிப்பு வரிசை

ஆங்கில நாவல் வாசிப்பிற்குப் புதியவர் எ மான்ஸ்டர் கால்ஸ் நூலில் தொடங்கலாம். அளவில் சிறியது, வாக்கியங்கள் எளியவை, ஓவியங்களும் துணைசெய்கின்றன. அடுத்து அகாட்டா விட்ச், அதன்பின் மோரிபிட்டோ. எர்த்சீயின் நடை பழங்கதை சொல்பவரின் நடையை ஒத்தது. அதில் உரையாடல் குறைவு. முதல் இரண்டு இயல்களைச் சற்றுப் பொறுமையோடு கடக்க வேண்டும். வாய்விட்டுப் படித்தால் அதன் ஓசை நயம் பிடிபடும். த லை ட்ரீ நாவலை மேல்நிலை வகுப்பு மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் படிக்கலாம். தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டினால் கதை அறுந்துபோகும். ஓர் இயலை முடித்தபின் இரண்டு மூன்று சொற்களுக்கு மட்டும் பொருள் பார்ப்பது போதுமானது.

எதிர்வாதங்கள்

குற்றவுணர்வு, துயரம், பொய் ஆகியவற்றை நடப்பியல் நாவல்களே சொல்ல முடியாதா, இதற்கு மந்திரம் எதற்கு என்ற கேள்வி எழலாம். நடப்பியல் நாவல்கள் சொல்லும், சொல்லியும் இருக்கின்றன. மிகுபுனைவு செய்வது வேறு. உள்ளே இருப்பதை அது வெளியே கொண்டுவந்து உருவம் கொடுக்கிறது. கெட்டின் தற்பெருமை ஒரு நிழலாகிப் படகில் அவனைத் துரத்துகிறது. கானரின் சொல்ல முடியாத எண்ணம் ஒரு மரமாகிச் சாளரத்தைத் தட்டுகிறது. ஃபெயித்தின் பொய் இலையும் கனியுமாக வளர்கிறது. தன் மனத்தில் நடப்பதற்குச் சொல் தெரியாத 14 வயதுப் பிள்ளை, நிழல் என்றும் மரம் என்றும் அதைச் சுட்டிக்காட்ட முடியும். என்னைப் பற்றிச் சொல்கிறேன் என்று தொடங்க முடியாத பேச்சைக் கெட்டைப் பற்றிச் சொல்கிறேன் என்று தொடங்கிவிடலாம்.

இக்கட்டுரையின் அளவுகோல் எல்லா நூல்களுக்கும் பொருந்தாது என்பதையும் குறிப்பிட வேண்டும். 1865-இல் வந்த ஆலிஸின் அற்புத உலகம் போன்ற நூல்களில் விலை தேடுவது வீண். அவை சொல் விளையாட்டிற்காகவும் தர்க்கத்தைக் கவிழ்க்கும் இன்பத்திற்காகவும் எழுதப்பட்டவை. சிரிப்பதற்காகப் படிப்பதும் நல்ல வாசிப்பே. ஆனால் உயிர், மரணம், போர், துரோகம் ஆகியவற்றைக் கதைப்பொருளாக எடுத்துக்கொண்ட ஒரு நூல், அவற்றின் பாரத்தையும் ஏற்க வேண்டும்.

மதிப்பீடு

ஐந்து நாவல்களிலும் மந்திரம் இளையோரின் கையில் உண்மையான அதிகாரமாக வருகிறது. அதைக்கொண்டு அவர்கள் தவறு செய்கிறார்கள், பிறருக்கு ஊறு விளைவிக்கிறார்கள், சிலவற்றைத் திருத்த முடியாமலே போகிறது. அதன்பிறகும் வாழ்வதற்கு ஒரு வழி இருக்கிறது என்பதை ஐந்தும் காட்டுகின்றன. கெட்டுக்கு அது தன் நிழலுக்குப் பெயரிடுவது. சக்குமுக்கும் பால்சாவுக்கும் அது ஒருவர் உயிரை ஒருவர் சுமந்து பார்ப்பது. சன்னிக்கு அது கற்றுக்கொண்டே இருப்பது. கானருக்கு அது உண்மையைச் சொல்வது. ஃபெயித்துக்கு அது சொன்ன பொய்க்குப் பொறுப்பேற்பது.

மாணவர் ஒருவர் மந்திரக் கதை படித்துக்கொண்டிருப்பதைக் காணும் பெற்றோரும் ஆசிரியரும் நூலைப் பறித்து வைப்பதற்குமுன் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். இந்தக் கதையில் யாருக்கு என்ன இழப்பு ஏற்பட்டது, அதற்கு யார் பொறுப்பு என்று கேட்கலாம். விடை ஒரு வரியில் முடிந்துவிட்டால் அடுத்து வேறொரு நூலைக் கையில் கொடுக்கலாம். மாணவர் சற்று யோசித்துவிட்டுப் பேசத் தொடங்கினால், அந்த நூலை அவர் படித்து முடிக்கும்வரை காத்திருப்பதே நல்லது.